தினம் ஒரு எபி, முடிந்ததும் அப்படியே கிண்டில்: சரிப்படுமா?

ஜூன் 3, காலை (கேள்வி)

முதல் குடும்ப நாவல் எழுத ஆரம்பித்திருக்கிறேன். கோவைப் பக்கக் கதை, ஒப்பந்தக் கல்யாணம், ஹீரோ திருப்பூரில் எக்ஸ்போர்ட் கம்பெனி எம்டி. நாவல் தளத்தில் தினம் ஒரு எபி (எபிசோட், தொடரின் ஒரு பகுதி) போட்டால் ஆறு வாரத்தில் கதை முடிந்துவிடும், முடிந்த கையோடு எல்லா எபியையும் ஒரே கோப்பில் சேர்த்து அமேசான் கிண்டிலில் மின்நூலாக ஏற்றிவிடலாம், தனி வேலை எதுவும் கிடையாது என்கிறாள் தோழி. எழுதிப் பழகிய சிஸ்டர்ஸ் சொல்லுங்கள், சரியா?

ஜூன் 3, மதியம்

சரியில்லை சிஸ். தொடருக்கு எழுதுவது ஒரு வேலை, அதைப் புத்தகமாக்குவது இன்னொரு வேலை. இரண்டுக்கும் நடுவில் ஒரு மாதம் கேட்கும் திருத்தம் இருக்கிறது. அதைச் செய்யாமல் ஏற்றிய நாவலை வாசகி மூன்றாவது அத்தியாயத்திலேயே கண்டுபிடித்துவிடுவாள்.

முதலில் கணக்கு. ஒரு எபி 1,200 முதல் 1,500 வார்த்தை. அதற்குக் குறைந்தால் கமென்ட்டில் "குட்டி யூடி" (அப்டேட்) என்று சண்டை வரும். கூடினால் அலைபேசியில் படிப்பவர்கள் பாதியில் விட்டுப்போவார்கள். 42 எபி என்றால் ஏறக்குறைய 58,000 வார்த்தை. தினமும் எழுதி தினமும் போடுவது காய்ச்சல், விருந்தாளி, பிள்ளைகளின் பரீட்சை என்று ஏதாவது ஒன்று வரும் நாள்வரைதான் ஓடும். கையில் 12 முதல் 15 எபி இருப்பு இல்லாமல் முதல் எபியைப் போடாதீர்கள். போட ஆரம்பித்த பின் வாரம் 3 நாள் போதும். இருப்பு 5-க்குக் கீழே இறங்கினால் வாரம் 2 ஆக்கிவிட்டு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். திங்கள், புதன், வெள்ளி என்று நாள் தெரிந்தால் வாசகி காத்திருப்பாள். எப்போது வரும் என்று தெரியாத தொடருக்குத்தான் அவள் திரும்ப வரமாட்டாள்.

ஜூன் 3, இரவு

இருப்பு எதற்கு என்று கேட்டவருக்கு: நோய் நொடிக்கு மட்டுமில்லை. 14ஆம் எபி எழுதும்போது, 4ஆம் எபியில் ஹீரோவின் அம்மா இறந்துவிட்டதாக எழுதியது இடிக்கும். 4 இன்னும் போடாமல் கையில் இருந்தால் மாற்றலாம். போட்டுவிட்டால் அம்மாவை உயிரோடு கொண்டுவர ஒரு எஃப்பி (ஃப்ளாஷ்பேக்) எழுத வேண்டும். குடும்ப நாவல்களில் தேவையில்லாத எஃப்பி பாதிக்கு மேல் இப்படிப் பிறந்தவைதான்.

ஜூன் 4

எழுத உட்காரும் முன் ஒரே ஒரு தாள் போடுங்கள். நோட்டாக இருந்தாலும் சரி, எக்செல்லாக இருந்தாலும் சரி. பெயர், வயது, பிறந்த மாதம், யார் யாருக்கு என்ன உறவு, யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள். கடைசி இரண்டும்தான் தமிழ்க் கதைக்கு உயிர்.

அடிக்கடி நடப்பது ஒன்றைச் சொல்கிறேன். ஹீரோவின் நண்பனை ஹீரோயின் 6ஆம் எபியில் வாய் நிறைய "அண்ணா" என்கிறாள். கதை போகிற போக்கில் வாசகர்களுக்கு அந்த நண்பனைப் பிடித்துப்போகிறது. 25ஆம் எபியில் அவனுக்கும் ஹீரோயினின் தங்கைக்கும் ஜோடி போடத் தோன்றுகிறது. அக்காவுக்கு அண்ணன் என்றால் தங்கைக்கும் அண்ணன்தானே! கமென்ட் பகுதி கொதித்துவிடும், அதில் நியாயமும் இருக்கிறது. இரண்டாவது ஜோடிக்கு இடமிருக்கும் என்று சிறு சந்தேகம் இருந்தாலும் முதல் நாளே "சார்" அல்லது பெயர் சொல்லிக் கூப்பிட வையுங்கள்.

கோவைப் பக்கம் என்கிறீர்கள். அப்பாவின் அம்மா அப்பத்தா, அம்மாவின் அம்மா அம்மிச்சி, அம்மாவின் அப்பா அப்புச்சி. வீட்டுக்கு வீடு உச்சரிப்பு மாறும், ஆனால் ஒரு வீட்டுக்குள் மாறாது. முதல் எபியில் அம்மிச்சி, ஐந்தாம் எபியில் பாட்டி, பத்தில் ஆச்சி என்று வந்தால் அந்தக் குடும்பம் எந்த ஊர் என்றே தெரியாது. "ங்க" போட்டுப் பேசும் வீட்டில் கோபம் வரும்போது "ங்க" விழுவதே ஒரு நிகழ்ச்சி. அதை வீணாக்காதீர்கள், ஒரே ஒரு காட்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 5, காலை

அதே தாளில் தமிழ் மாதம் எழுதுங்கள். ஆங்கிலத் தேதி மட்டும் வைத்தால் ஆடியில் முகூர்த்தம் வைத்துவிடுவீர்கள், மார்கழியில் நிச்சயம் செய்துவிடுவீர்கள்.

ஆவணியில் கல்யாணம், உடனே உண்டாகிவிட்டாள் என்று வையுங்கள். ஆவணியை ஒன்றாம் மாதமாக எண்ணினால் மாசி ஏழு, சித்திரை ஒன்பது, வைகாசியில் குழந்தை. தைப்பொங்கலோடு வளைகாப்பை இணைத்து எபிலாக் (கதை முடிந்தபின் வரும் கடைசிப் பகுதி) எழுதினால் அது ஆறாம் மாதம். வளைகாப்பு ஒற்றைப்படை மாதத்தில்தான் என்று தெரிந்த ஆயிரம் அம்மாக்கள் படிக்கிறார்கள்.

ஆடியை ஒதுக்க வேண்டியதும் இல்லை, அது கதைக்குக் கிடைத்த கொடை. ஆனியில் கல்யாணம் முடித்தால் ஆடி அழைப்பு என்று பெண்ணைப் பிறந்த வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுவார்கள். ஆடியில் கரு தரித்தால் சித்திரை வெயிலில் பிரசவம் என்ற பயம். சண்டை, வில்லி, தவறாகப் புரிந்துகொள்ளுதல் எதுவும் இல்லாமல் புதுசாகக் கல்யாணமான இரண்டு பேரை ஒரு மாதம் பிரித்து வைக்க இதைவிட நல்ல வழி கிடையாது. அந்த ஒரு மாதத்தில் மூன்று எபி தாராளமாக எழுதலாம்.

ஜூன் 5, இரவு

ஒப்பந்தக் கல்யாணத்துக்கு வருகிறேன். இதைத்தான் நிறையப் பேர் விசாரிக்காமல் எழுதுகிறார்கள்.

"ஆறு மாதம் மனைவியாக நடி, அப்புறம் டைவர்ஸ்" என்பது நடக்காது. இந்து திருமணச் சட்டம் 14ஆம் பிரிவின்படி கல்யாணமாகி ஒரு வருடம் ஆகாமல் விவாகரத்து மனுவே போட முடியாது, மிக அசாதாரணமான துன்பமோ ஒழுக்கக்கேடோ இருந்தால் மட்டும் நீதிமன்றம் அனுமதிக்கலாம். இருவரும் சேர்ந்து கேட்கும் பரஸ்பர விவாகரத்துக்கு 13பி. ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், மனு போட்ட பின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். இந்த ஆறு மாதத்தைத் தகுந்த காரணம் இருந்தால் தளர்த்தலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே உங்கள் ஒப்பந்தம் குறைந்தது ஒன்றரை வருடமாக இருக்கட்டும். கதைக்கும் அதுதான் நல்லது. ஆறு மாதத்தில் வராத தீபாவளியும் பொங்கலும் ஒன்றரை வருடத்தில் வந்துவிடும்.

இன்னொன்று: "பிரிந்து வாழ்வது" என்றால் வேறு வேறு வீடு என்று பொருளில்லை, ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழவில்லை என்றால் போதும் என்று 1991-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒரே வீடு, இரண்டு அறை, நடுவில் ஒரு ஹால். நமக்குத் தேவையான கதைக்களம் சட்டத்திலேயே இருக்கிறது.

அந்த ஒப்பந்தப் பத்திரம் நீதிமன்றத்தில் செல்லாது. முன்கூட்டியே விவாகரத்துக்கு ஒத்துக்கொண்டு எழுதுவது பொதுக் கொள்கைக்கு விரோதம். வக்கீல் முன்னால் கையெழுத்து, சாட்சி என்று எழுதினால் அந்த வக்கீலாவது இதைச் சொல்ல வேண்டாமா? சொல்ல வையுங்கள், அதிலேயே நல்ல காட்சி வரும்.

ஜூன் 6

ஓடிப்போகும் ஜோடி பற்றிக் கேட்டிருந்தார்கள். ரிஜிஸ்டர் ஆபீஸுக்குப் போய் அரை மணியில் மாலை மாற்றி வெளியே வருவது சினிமா. சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் அறிவிப்புக் காலம் உண்டு. இருவரும் இந்துக்கள் என்றால் தமிழ்நாட்டில் இந்து திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவின்படி சுயமரியாதைத் திருமணம் செய்யலாம், புரோகிதர் தேவையில்லை. நண்பர்கள், உறவினர் முன்னால் மாலை மாற்றினாலோ மோதிரம் மாற்றினாலோ தாலி கட்டினாலோ போதும். அதன்பின் 2009 திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். ஓடிப்போன ஜோடிக்கு இந்த வழிதான் பொருந்தும்.

ஜூன் 7

கட்டாயத் தாலி. "ஆன்டி ஹீரோ டிரெண்டு, வாசகர்கள் கேட்கிறார்கள்" என்று எழுதியவருக்கு என் பதில் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வற்புறுத்தியோ ஏமாற்றியோ நடந்த கல்யாணத்தை ரத்து செய்யக் கேட்கும் உரிமை இந்து திருமணச் சட்டம் 12ஆம் பிரிவில் இருக்கிறது. வற்புறுத்தல் நின்ற ஒரு வருடத்துக்குள் மனு போட வேண்டும். அதற்குள் அவள் மனமொப்பி அவனோடு மனைவியாக வாழ ஆரம்பித்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். இதை உங்கள் ஹீரோயினுக்குத் தெரிய வைத்துப் பாருங்கள். அவள் அந்த வீட்டில் தங்குவதும் தங்காததும் அவளுடைய முடிவாகிவிடும், ஒவ்வொரு எபிக்கும் ஒரு கனம் வரும். அவளுக்கு எதுவும் தெரியாது, அழுவாள், நாற்பதாவது எபியில் அவனை மன்னிப்பாள் என்று எழுதினால் அது காதல் கதையே இல்லை என்பது என் தீர்மானமான எண்ணம். மன்னிக்கும் உரிமை அவளிடம் இருக்க வேண்டும் என்றால், மறுக்கும் வழியும் அவள் கையில் இருக்க வேண்டும்.

எழுதுவது என்று முடிவெடுத்தால் முதல் எபிக்கு மேலேயே எச்சரிக்கை போடுங்கள். கிண்டில் விவரக்குறிப்பிலும் போடுங்கள்.

ஜூன் 7, இரவு

மேலே எழுதியதைத் திரும்பப் படித்ததில் ஒன்று கூட்ட வேண்டும்: முரட்டு ஹீரோ வேறு, வன்முறை செய்யும் ஹீரோ வேறு. பேச்சு குறைவு, கோபம் அதிகம், கண்டிப்பு இதெல்லாம் தாராளமாக எழுதுங்கள். நான் சொன்னது கை ஓங்குவதையும் சம்மதத்தை மீறுவதையும் மட்டும்தான்.

ஜூன் 9

எம்டி ஹீரோ. பாதி நாவல்களில் இவருக்கு வேலையே கிடையாது. காரில் இறங்குவார், பிஏவைத் திட்டுவார், "மீட்டிங்" என்பார்.

திருப்பூரை எடுத்தால் ஊர்க்காரர்கள் அதை இன்னும் பனியன் கம்பெனி என்றுதான் சொல்வார்கள். நூல் வாங்கி நிட்டிங், சாயப்பட்டறை, கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங், பிறகு கன்டெய்னர் தூத்துக்குடி. சம்பளம் சனிக்கிழமை. வேலை நேரத்தை "ஒன்றரை ஷிப்ட்" என்று எண்ணுவார்கள், அதாவது 12 மணி நேரம். சாயம் ஒரு ஷேடு தவறினால் வெளிநாட்டு பையர் சாம்பிளைத் திருப்பி அனுப்புவார். மறு சாயத்துக்கு நாலு நாள் போகும். கப்பல் தவறிவிட்டால் சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டும், அந்தச் செலவு பெரும்பாலும் எக்ஸ்போர்ட்டர் தலையில். அந்த ஆர்டரின் லாபம் அத்தனையும் போய்விடும்.

இப்போது உங்கள் ஹீரோ ஏன் இரவு இரண்டு மணிக்கு வீட்டுக்கு வருகிறான், ஏன் சாப்பிடாமல் படுக்கிறான் என்பதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. ஹீரோயின் செக்கிங் டேபிளில் நின்று ஷேடு வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிட்டால் அவன் அவளை முதல்முறை நிமிர்ந்து பார்ப்பதற்கும் காரணம் கிடைத்துவிட்டது. 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்ட காலத்தைக் குடும்பத்தின் பழைய கடனுக்குக் காரணமாக வைக்கலாம். வில்லி தேவையே இல்லை.

ஜூன் 10

கமென்ட்டைப் பார்த்துக் கதையை மாற்றலாமா என்றால்: குழப்பம் என்று மூன்று பேர் சொன்னால் அந்த இடத்தைத் தெளிவாக்குங்கள். இவன் வேண்டாம், அவனை ஹீரோ ஆக்குங்கள் என்று முப்பது பேர் சொன்னாலும் தொடாதீர்கள். திருப்பத்தை யாராவது முன்கூட்டியே சொல்லிவிட்டால் மாற்றவே மாற்றாதீர்கள். விதை சரியாக விழுந்திருக்கிறது என்றுதான் அதற்குப் பொருள்.

ஜூன் 12

இப்போது கேள்வியின் இரண்டாம் பாதி. தொடர் முடிந்துவிட்டது, 42 எபி, 58,000 வார்த்தை. இரண்டு வாரம் கோப்பைத் திறக்காதீர்கள். பிறகு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படியுங்கள். கண்ணை உறுத்துவது மூன்று.

ஒன்று, ஒவ்வொரு எபியின் முதல் பத்தி. இரண்டு நாள் இடைவெளியில் வரும் வாசகிக்கு நினைவூட்ட எழுதியது அது. புத்தகத்தில் அதே வாசகி பக்கத்தைத் தள்ளிய அடுத்த நொடி அதைப் படிக்கிறாள். இரண்டு, கடைசி வரி. தொடரில் ஒவ்வொரு எபியும் ஒரு அதிர்ச்சியில் முடியும். தொடர்ந்து 42 அதிர்ச்சி என்றால் எதுவுமே அதிர்ச்சியில்லை. 42 எபியை 28, 30 அத்தியாயமாகச் சேர்த்தால் பாதித் திருப்பங்கள் அத்தியாயத்தின் நடுவில் போய் அமைதியாக உட்கார்ந்துவிடும். மூன்று, தேய்ந்த சொற்கள். "அதிர்ந்து", "விழி விரிய", "இதழ் கடித்து", "பெருமூச்சு" என்று ஒவ்வொன்றாக வேர்டில் தேடுங்கள். எண்ணிக்கை திரையில் வரும். ஒவ்வொன்றிலும் நாலைந்து மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுங்கள்.

உதாரணம் போடுகிறேன். தொடரில் எபி தொடங்கும் விதம்:

"இனி நீ இந்த வீட்டில் இருக்க வேண்டாம் என்று அவன் சொன்னதும் அதிர்ந்து நின்றாள் மேகலா. அவள் விழிகள் கலங்கின. நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தான், இன்று என்ன ஆயிற்று என்று அவளுக்குப் புரியவில்லை."

புத்தகத்தில்:

"மேகலா அடுப்பை அணைத்தாள். பால் பாதி வழிந்திருந்தது. மேடையைத் துடைத்து, துணியை அலசிப் பிழிந்து போட்டுவிட்டுத்தான் பெட்டி எடுக்கப் போனாள்."

அவன் சொன்னது முந்தைய பக்கத்தில் இருக்கிறது, திரும்பச் சொல்ல வேண்டாம். கலங்கினாள் என்றும் சொல்ல வேண்டாம், பால் வழிந்ததே சொல்லிவிட்டது. இப்படிச் செய்தால் 58,000 வார்த்தை 52,000 பக்கம் இறங்கும். அந்த ஆறாயிரத்துக்காக வருத்தப்படாதீர்கள்.

ஜூன் 13 (மெய்ப்புப் பார்க்கும் ஒருவர்)

திருத்தத்தோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மெய்ப்பில் கண்ணுக்குத் தப்பும் பிழை இரண்டு. "ர்" வர வேண்டிய இடத்தில் காலும் புள்ளியும் சேர்ந்து "ா்" என்று விழுந்திருக்கும். பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும், தேடினால் அகப்படாது, சில திரைகளில் வட்டப் புள்ளியோடு உடைந்து தெரியும். மற்றது "கௌரி"க்குப் பதில் "கெளரி". ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பும் ள-வும் அடித்திருப்பார்கள். ஹீரோயின் பெயரே கௌசல்யா என்றால் புத்தகம் முழுக்க இருக்கும். முதலாவதைத் தேடி மாற்றும் வசதியில் ஒரே தடவையில் சரிசெய்யலாம். இரண்டாவதை முழுச் சொல்லாகத் தேடி மாற்றுங்கள், இல்லையென்றால் "வெளி", "தெளிவு" போன்ற சரியான சொற்களும் கெட்டுவிடும். குரல்வழித் தட்டச்சு செய்தவர்கள் நிறுத்தற்குறிகளையும் பேச்சுவழக்கு வசனங்களையும் வரிவரியாகப் பார்த்தே ஆக வேண்டும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் கிண்டிலில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் வரும்.

ஜூன் 13, இரவு

மேலே சொன்னவருக்கு நன்றி அக்கா. அந்த "ா்" விஷயத்தை எல்லோரும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 15

கேடிபி, அதாவது கிண்டிலில் நாமே புத்தகம் வெளியிடும் அமேசான் தளம். இந்திய விற்பனைக்கு 70% ராயல்டி வேண்டுமென்றால் கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் சேர வேண்டும், இல்லையென்றால் 35%. செலக்டில் சேர்ந்தால் கிண்டில் அன்லிமிடெட்டில் படிக்கப்படும் பக்கங்களுக்கும் பணம் வரும். நம் வாசகிகளில் நிறையப் பேர் அந்தச் சந்தாவில்தான் படிக்கிறார்கள். பக்கத்துக்கான தொகை மாதாமாதம் மாறும். ஒரு வாசகி முதல்முறை படிக்கும் பக்கத்துக்கு மட்டும்தான் கணக்கு, திரும்பத் திரும்பப் படித்தாலும் ஒன்றுதான்.

அதற்கு விலை 90 நாள் தனியுரிமை. அந்த நாவலின் மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது, 10% வரை மாதிரிக்கு வைக்கலாம். தோழி சொன்ன "முடிந்த கையோடு" இங்கேதான் உடையும். "பத்து நாளில் லிங்க் எடுத்துவிடுவேன்" என்று அறிவித்து, எடுத்து, எடுத்தது உண்மையிலேயே போய்விட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். உங்கள் கதையிலேயே அபூர்வமான ஒரு வசனத்தை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். பழைய வலைப்பூ, முகநூல் பதிவு, யாரோ பிடிஎஃப் ஆக்கிப் பரப்பியது எல்லாம் மேலே வரும். திருட்டுப் பிரதி அகப்பட்டால் அதை நீக்கக் கேட்டு அனுப்பிய மின்னஞ்சலைப் பத்திரமாக வையுங்கள். கேடிபி கேட்டால் காட்ட அதுதான் இருக்கும். அச்சுப் புத்தகத்துக்கும் ஆடியோ நாவலுக்கும் இந்தத் தனியுரிமை பொருந்தாது, அவற்றை எங்கே வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

அட்டை 1,600 × 2,560 பிக்சல். சினிமா நடிகர் படம், இணையத்தில் எடுத்த படம் கூடவே கூடாது. உரிமை வாங்கிய படம் அல்லது வரைந்தது. தலைப்பு கட்டைவிரல் அகலத்தில் பார்த்தாலும் படிக்கக் கூடியதாக இருக்கட்டும். கேடிபி கேட்கும் ஏழு திறவுச்சொல்லில் இரண்டு மூன்றையாவது தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் கொடுங்கள், நம் வாசகிகள் பாதிப்பேர் அப்படித்தான் தேடுகிறார்கள். மின்நூலுக்கு ஐஎஸ்பிஎன் தேவையில்லை. அச்சுக்கு வேண்டுமென்றால் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையில் இலவசமாகக் கிடைக்கும்.

ஜூன் 16

வரி பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. கணக்கு தொடங்கும்போது வரி விவரப் படிவத்தில் பான் எண்ணைச் சரியாகக் கொடுத்தால் அமெரிக்க விற்பனைக்கு இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தப்படி 15% பிடிப்பார்கள், கொடுக்காவிட்டால் 30%. பணம் மாத முடிவிலிருந்து சுமார் 60 நாள் கழித்து வரும். முதல் இரண்டு மாதம் எதுவும் வரவில்லையே என்று பயப்பட வேண்டாம்.

அச்சுக்கு: 52,000 வார்த்தை டெம்மி அளவில் 280 பக்கம் சுமார் வரும். 16 பக்கம் ஒரு பாரம் என்பதால் 272 அல்லது 288-ல் முடியும்படி பக்கவடிவமைப்பவரிடம் சொல்லுங்கள். வாடகை நூலகங்களுக்குப் போகும் என்றால் பைண்டிங்கில் சிக்கனம் பார்க்காதீர்கள். அங்கே ஒரு பிரதி நூறு கை மாறும்.

ஜூன் 18 (கேள்வி கேட்டவர்)

ஹீரோவின் நண்பனை இரண்டாம் எபியில் "அண்ணா" என்றுதான் எழுதியிருந்தேன், "சார்" ஆக்கிவிட்டேன். ஒப்பந்தத்தையும் ஒன்றரை வருடமாக்கிவிட்டேன். ஒரு சந்தேகம் மட்டும்: 90 நாள் முடிந்ததும் நாவலைத் திரும்பத் தளத்தில் போடலாமா?

ஜூன் 18, இரவு

போடலாம் சிஸ். ஆனால் செலக்ட் தானாகவே அடுத்த 90 நாளுக்குப் புதுப்பித்துக்கொள்ளும். கேடிபியில் அந்தப் புத்தகத்தின் செலக்ட் விவரத்துக்குள் போய்த் தானியங்கிப் புதுப்பிப்பு டிக்கை முன்னதாகவே எடுத்துவிடுங்கள். கடைசித் தேதியும் அங்கேயே இருக்கும். அந்தத் தேதி தாண்டிய பிறகு போடுங்கள்.